பக்கத்தில் நின்றவர்கள்

காலை ஷிப்டுக்கு வருகிற எல்லாரும் முதலில் அலைக்குளியல் அறைக்குள் போயாக வேண்டும். பெயர்தான் குளியல், ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது. உடம்பிலும் உடையிலும் காற்றில் பேசக்கூடிய கருவி எதெது இருக்கிறதோ, ஒவ்வொன்றையும் அந்த அறை பெயர் சொல்லிக் கூப்பிடும். கைப்பட்டி, காதுக்கருவி, இதயமுடுக்கி, செயற்கை முட்டி என்று அதது தன் பங்குக்குப் பதில் சொல்ல வேண்டும். பதிவில் இல்லாத ஏதோ ஒன்று ஊடே புகுந்து பதில் சொன்னால் கதவு திறக்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபராணி உட்கார்ந்திருப்பாள். தென்கடல் குடிநீர் ஆலையின் அலை ஆய்வாளர். பொறியியல் படித்தவள், முன்கோபக்காரி, இந்த வேலையில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்ற எண்ணம் உள்ளவள். அந்த எண்ணத்தில் பெரிய பிழை இருப்பதாகவும் சொல்ல முடியாது. கடலுக்குள் தூண் போட்டு நிற்கிற அந்த ஆலையில், அவள் வந்த நாளிலிருந்து ஒரு திருட்டு அலையும் நிலைத்ததில்லை.

அன்றைக்கு வரிசையை மறித்துக்கொண்டு நின்றது ஆறுமுகநயினாரின் கடைவாய்ப் பல். சர்க்கரை அளக்கிற புதுப் பல். முந்தின நாள்தான் கட்டியிருந்தார்.

“பல்லுக்குப் பதிவு போடணும்னு டாக்டர் சொல்லலியா அண்ணாச்சி?”

“பாயசம் குடிக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு.”

வரிசையில் பின்னால் நின்ற இசக்கிராஜ் தலையை நீட்டினான். உவர்நீர்க் கூடத்தின் வால்வுக்காரன். வேலையில் கெட்டிக்காரன், வாய் மட்டும் சும்மா கிடக்காது. “ஆய்வாளரம்மா, காண்டீன்ல இட்லி ஆறிப்போவுது. அவரு பல்லப் புடுங்கிட்டாவது உள்ள விடுதியளா, இல்ல நாங்க வீட்டுக்குப் போவட்டா?”

“ஒங்க வாயில ஒரு கருவி பொருத்தட்டும் அண்ணாச்சி, அத மொதல்ல பதிவு பண்ணிருதேன். அது ஓயவே ஓயாதுல்லா.”

வரிசை சிரித்தது. இசக்கிராஜும் சிரித்தான், ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அலைக்குளியல் நேரத்தைக் குறைக்க வேண்டும், ஆய்வாளர் தொழிலாளர்களைத் திருடர்களைப் போல நடத்துகிறார் என்று போன மாதம் சங்கத்தின் சார்பில் மேலிடத்துக்கு மனுப்போட்டவன் அவன்தான். அவன் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் திருடர்களைத் தேடுகிறவள்தான், அதை மறைக்கவும் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்னால் உப்பு வாரம் என்ற ஒன்று நடந்தது. கரையோரத்து ஆலை ஒன்றின் பொய்க்கூரைக்கு மேலே உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றை யாரோ செருகி வைத்துவிட்டுப் போனார்கள். ஆலைக் கம்பியில் சொருகி, அதற்குக் காற்றில் ஒரு வாசல் திறந்துவிடுகிற, அனுமதியில்லாத ஓர் அணுகுமுனை. வெளியே படகில் இருந்தவன் அதன் வழியாக உள்ளே நுழைந்து வால்வுகளைத் திருப்பிவிட்டான். ஒரு நகரம் முழுக்கக் குழாயில் உவர்நீர் வந்தது. ஆஸ்பத்திரிகளிலும் அதே தண்ணீர். எத்தனை பேர் செத்தார்கள் என்பதை இன்றைக்கும் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஒற்றைக் காற்றுச் சட்டம். ஓர் ஆலைக்குள் ஆலையின் அலைதான் இருக்க வேண்டும், வேறொன்றும் கூடாது. அதைக் கண்காணிக்கக் கடற்கரை முழுவதற்கும் சேர்த்து ஒரே செயற்கை மதியை வைத்தார்கள். அரசாங்கம் அதற்கு இட்ட பெயர் அலைக்காவல். எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பதால் தொழிலாளர்கள் வைத்த பெயர் மாமியார். பிற்பாடு அதிகாரிகளும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பத்துமணித் தேநீருக்கு மணி அடிக்கிற சமயத்தில் மாமியார் பேசினாள்.

“உவர்நீர்க் கூடத்தில் பதிவில்லாத அணுகுமுனை. இது மூன்றாம் முறை. மிக அண்மையில் இருந்த கைப்பட்டி: இசக்கிராஜ். முதல் முறையும் இரண்டாம் முறையும் அவரே. அண்மை விதி பொருந்துகிறது. சூரியன் மறையும்போது வலைநீக்கம் நிறைவேற்றப்படும்.”

அண்மை விதி என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருட்டு அலை மூன்று முறை தோன்றி, மூன்று முறையும் ஒரே ஆளின் கைப்பட்டி அதற்கு மிகப் பக்கத்தில் இருந்தால், அந்த ஆள்தான் குற்றவாளி. அதற்கு மேல் விசாரணை கிடையாது. உப்பு வாரத்துப் பயத்தில் எழுதிய விதி. பயத்தில் எழுதியது என்று தெரிந்தும் மாற்றுவதற்கு யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

வலைநீக்கம் என்றால் கைப்பட்டி செத்துப்போகும். செத்த கைப்பட்டிக்கு வீட்டுக் கதவு திறக்காது, பேருந்து நிற்காது, குழாயில் தண்ணீர் வராது. அப்படிப்பட்டவர்களுக்கு அலையிலிகள் என்று பெயர். கடற்சுவருக்கு அந்தப் பக்கம் வெளிக்குப்பத்தில் இருந்தார்கள். அங்கேயும் ஆலையின் குழாய் போகிறது, ஆனால் திறப்பதற்கு உயிருள்ள கைப்பட்டி வேண்டும். அதனால் மழையைப் பிடித்துக் குடித்தார்கள். போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

ஜெபராணி கூடத்துக்குள் போவதற்குள் அலை நின்றுவிட்டது. அலைகளை மோப்பம் பிடிக்கிற தன் கைக்கருவியை, அலைமோப்பியை, நாலு திசையிலும் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. இசக்கிராஜின் சட்டை, பெல்ட், செருப்பு, சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் சோதித்தாள். அவனுடைய அலமாரியைக் குடைந்தாள். உண்மையைச் சொன்னால், ஏதாவது கிடைத்தால் தேவலை என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். கிடைத்ததெல்லாம் வெற்றிலைப் பொட்டலமும் அவளுக்கு எதிரான அடுத்த மனுவின் முதல் பக்கமும்தான்.

ஆனால் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. ஆலையின் கம்பிவழியில் அவள் எப்போதும் ஒரு சின்னச் செய்தித்துணுக்கைச் சுற்றவிட்டிருப்பாள். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் மஞ்சள் பொட்டு. கம்பியைத் தாண்டி அதற்குப் போக இடமில்லை. காற்றில் எங்கேயாவது அது தென்பட்டால், ஏதோ ஒரு பெட்டி நம் கம்பியில் வாயை வைத்து உறிஞ்சி வெளியே விடுகிறது என்று அர்த்தம். கப்பல்காரர்களின் அலை தவறிப்போய் உள்ளே வந்திருந்தால் அதில் பொட்டு இருக்காது. இன்றைக்கு மாமியார் பிடித்துவைத்த அலையில் பொட்டு விழுந்திருந்தது. பெட்டி உள்ளேதான் இருக்கிறது, நம் கம்பியில்தான் இருக்கிறது.

“இசக்கிராஜ் அல்ல என்று நீங்கள் கருதினால், அலையை வெளியிட்ட மூலப்பொருளை மேசைமேல் வைக்க வேண்டும்,” என்றாள் மாமியார். “சூரியன் மறையும்வரை உங்களுக்கு உரிமை உண்டு. இதுவரை எந்த ஆய்வாளரும் அதைப் பயன்படுத்தியதில்லை.”

“ஏன் பயன்படுத்தல?”

“மிக அண்மையில் இருந்தவரே மூலம் என்பதால் தேவை எழவில்லை.”

காண்டீனிலிருந்து செல்வக்கனி ஓடி வந்திருந்தாள். இசக்கிராஜின் மனைவி. கையில் மாவு காயவில்லை. அழவில்லை. “அவிய வாய்தான் நீளம், ஆய்வாளரம்மா. ஒங்களப் பத்தி எவ்வளவோ பேசியிருக்காவ, நான் இல்லன்னு சொல்லல. ஆனா தண்ணியில கை வைக்கிற ஆளு இல்ல. நீங்க தேடுனா கெடைக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ.”

ஜெபராணிக்குக் கோபம் வந்தது. செல்வக்கனியின் மேல் இல்லை. தன்னைப் பார்த்தாலே முறைக்கிற ஒருவனுக்காக, தன் தொழில்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்து ஒருத்தி வந்து நிற்கிறாளே, இனி கிடைக்கவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது என்ற கோபம். நேராக, அவனை அடைத்துவைத்திருந்த காத்திருப்பறைக்குப் போனாள்.

இசக்கிராஜ் கண்ணாடிக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும், “வாங்க, சந்தோசமா இருக்குமே,” என்றான்.

“சந்தோசத்த அப்புறம் பாத்துக்கிடுவோம். மூணு தடவையும் அந்த நேரத்துல என்ன பண்ணிக்கிட்டிருந்திய? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“என்ன பண்ணுவேன்? வேலதான் பாத்தேன்.”

“என்ன வேல?”

அவன் யோசித்தான். “இன்னிக்கு ஆமையத் தூக்கித் தொட்டில்ல வெச்சேன். அன்னிக்கும் அதுதான். அதுக்கு முந்தியும் அதுதான்னு நெனைக்கேன்.”

ஆமை என்பது உவர்நீர்க் கூடத்தின் தரையில் ஊர்ந்து உப்பைச் சுரண்டுகிற இயந்திரம். ஆவணங்களில் ஊர்வான் என்று இருக்கும், ஆனால் அதன் முதுகைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மின்னேற்றுகிற மேடைக்குத் தொட்டில் என்று பெயர். கூடத்தின் கடைசியில் சுவரோரமாகத் தொட்டில்கள் வரிசையாக இருக்கும்.

“ஆமை தானா போய்ப் படுத்துக்கிடும்லா. நீங்க எதுக்குத் தூக்குதிய?”

“இப்பம்லாம் போவ மாட்டேங்குது. தோரணத்தத் தாண்டி அந்தப் பக்கம் போச்சுன்னா பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு நின்னுருது. பழுது பாக்கவரு வந்து பாத்துக்கிடட்டும்னு மத்தவன் எல்லாம் வுட்டுட்டுப் போயிருதான். எனக்கு மனசு கேக்காது. உப்புத் தண்ணியில கெடந்தா துருப்புடிச்சிரும்லா.”

ஜெபராணி கண்ணாடியை ஒட்டி வந்து நின்றாள். “எந்தத் தோரணம்?”

“நல்லாக் கேட்டிய. பூச போட்ட தோரணந்தான்.”

அந்த ஆலையில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. காகிதம் கிடைப்பது அரிதாகிவிட்ட காலம். உவர்நீரை வடிகட்டுகிற சவ்வுகள் பளபளக்கும் உலோகப்பூச்சு உறைகளில் சுற்றி வரும். அந்த உறைகளை வருஷம் பூராவும் சேர்த்துவைத்து, கீற்றுக் கீற்றாகக் கத்தரித்துத் தோரணம் கட்டுவார்கள். எந்த ஷிப்டின் தோரணம் பெரியது என்று போட்டி வேறு. கட்டிய தோரணத்தைக் கழற்றவும் மாட்டார்கள், தானாக விழுகிறவரை தொங்க வேண்டும் என்பது ஐதீகம். இந்த வருஷம் இசக்கிராஜின் ஷிப்ட் மற்றவர்கள் வாயைப் பிளக்கும்படி கூரையிலிருந்து தரைவரை திரைச்சீலை மாதிரியே கட்டிவிட்டிருந்தது. அலைக்கு உலோகத் திரையும் சுவரும் ஒன்றுதான். சங்கதி தெரிந்த ஜெபராணியோ பூஜையன்று கரையில் அக்காள் வீட்டில் இருந்தாள். இந்த மூன்று தடவையும் மோப்பியைப் பார்த்துக்கொண்டு ஓடினாளே தவிர, கையால் எதை விலக்கிக்கொண்டு போகிறோம் என்று நின்று பார்க்கவில்லை.

மாமியாருக்குக் காதுகள் கூடம் முழுக்க உண்டு, எல்லாம் கம்பியில் வேலை செய்பவை. ஆமைகளோடு பேசுகிற ஆலை அலைக்கோ வாய் ஒன்றுதான், வாசல் பக்கத்துக் கூரையில். திரையைத் தாண்டிய ஆமைக்கு அந்தக் குரல் எட்டாது. வழி தெரியாமல் நின்றுவிடும். இசக்கிராஜ் இரக்கப்பட்டு அதைத் தூக்கித் தொட்டிலில் வைத்தால், தொட்டிலும் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறது. குரல் கேட்காத ஆமை, தனக்குப் பழுது என்று நினைத்துக்கொள்ளும். நினைத்துக்கொண்டு என்ன செய்யும்?

ஆமையைச் செய்த நிறுவனத்தின் கையேட்டைத் திரையில் வரவழைத்தாள். அவள் நினைத்தது சரிதான். தொட்டிலில் இருக்கும்போது ஆலை அலை கேட்கவில்லை என்றால், பழுது பார்க்க வருகிறவர் தன்னைக் கண்டுபிடிக்கட்டும் என்று ஆமை தானாகவே கொஞ்ச நேரம் ஓர் அணுகுமுனையைத் திறந்துவைக்கும், ஒவ்வொரு முறையும் புதுப் பெயரில். தொட்டிலின் கம்பி ஆலைக் கம்பி, அதில் ஓடுவது அப்படியே காற்றுக்கு வந்துவிடும். வாசல் கதவு, சமையற்கட்டுக் கதவு இரண்டும் திறந்த வீடாகிவிடும் ஆலை. நல்ல எண்ணத்தோடு செய்து வைத்த வசதிதான், அந்த வசதியைத்தான் மாமியார் திருடன் என்று பிடித்திருந்தாள்.

கூடத்துக்கு ஓடினாள். அங்கே தோரணத்தைக் காணோம்.

மேலாளர் நவநீதன் நடுவில் நின்றுகொண்டு கடைசிக் கீற்றையும் குப்பைப் பையில் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மேலிடத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் சுவரைக்கூடக் கழுவிக் காயப்போடச் சொல்லுவார்.

“சாயங்காலம் நீக்கத்துக்கு மேலிடத்திலேர்ந்து ஆள் வராங்கம்மா. இந்தக் கோலத்துல கூடத்தப் பாத்தா என்ன நெனைப்பாங்க?”

ஆமைகள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஊர்ந்து போய்த் தாமாகவே தொட்டிலில் ஏறிக்கொண்டிருந்தன. சாட்சி சொல்ல வேண்டிய தோரணம் குப்பைப் பைக்குள் கிடந்தது. ஜெபராணி தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

“சார், அத்தனையும் திரும்பக் கட்டணும். இருந்த மாதிரியே.”

“வெளையாடுறீங்களா?”

“ஒரு மனுசனக் கடற்சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளப் போறோம். வெளையாட்டு மாதிரியா இருக்கு?”

கூடத்தில் இருந்தவர்கள் மேலாளரின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆறுமுகநயினார் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஏணிகள் வந்தன. ஆனால் எந்தக் கீற்று எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஆளுக்கொரு பக்கம் கட்டினார்கள். அலைமோப்பியில் ஆலையின் குரல் குறையவே இல்லை. ஓட்டை வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கட்டியவனைத்தான் கேட்க வேண்டும்.

ஜெபராணி கூடத்துச் சுவரில் இருந்த பேசியில் காத்திருப்பறையை அழைத்தாள். “தூணுக்கும் சுவருக்கும் நடுவுல எப்படிக் கட்டுனிய?”

“எதுக்கு? அதுக்கும் கேஸ் போடவா?”

“அண்ணாச்சி, இப்பம் மட்டும் ஒரு அரைமணி நேரம் நான் கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க. நாளைக்கு வேணும்னா எம்மேல ரெண்டு மனு சேத்துப் போடுங்க.”

அவன் குரல் இப்போது வேறு மாதிரி வந்தது. “தூணச் சுத்தி ரெட்ட மடிப்பு. சுவர்ப்பக்கம் கீத்த எணைச்சு எணைச்சு விடணும், எடவெளி விட்டா காத்துல ஆடும். கீழ தர தொடணும். ஆறுமுகநயினாரு கட்டுனா கோணலாத்தான் கட்டுவாரு, அவர எறங்கச் சொல்லுங்க.”

அவர் இறங்கினார். அவன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கட்டினார்கள். வெயில் மேற்குச் சன்னலுக்கு வந்துவிட்டிருந்தது. கடைசிக் கீற்றுத் தரையைத் தொட்டபோது, திரைக்குப் பின்னால் மோப்பியில் ஆலையின் குரல் அறுந்துபோயிற்று. ஊர்ந்து வந்த ஆமை ஒன்று கீற்றுகளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனது, இரண்டு முழம் நகர்ந்தது, நின்றது.

“பாருங்க சார்,” என்றாள் ஜெபராணி. நவநீதன் குனிந்து பார்த்தார்.

இனி அதைத் தூக்கித் தொட்டிலில் வைக்க வேண்டும். முன்னே வந்த இரண்டு பேர் மாமியாரின் குரல் கேட்டு நின்றுவிட்டார்கள்.

“எச்சரிக்கை. பதிவில்லாத அணுகுமுனை தோன்றினால், மிக அண்மையில் இருப்பவரின் பெயரில் பதிவு விழும். சோதனைக்கு விலக்கு இல்லை.”

மற்றவர்களுக்கு மூன்று பதிவு ஆனால்தான் நீக்கம். அலை ஆய்வாளரின் பெயரில் ஒரே ஒரு பதிவு விழுந்தாலும் வேலை போய்விடும், இனி எந்த ஆலையும் எடுக்காது. ஜெபராணிக்கு அது நன்றாகத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் குனிந்து ஆமையைத் தூக்கினாள். நல்ல கனம். இந்தக் கனத்தை மனசு கேட்காமல் ஒவ்வொரு தடவையும் தூக்கியிருக்கிறானே என்று நினைத்தபோது, அவன்மேல் இருந்த எரிச்சலில் பாதி போய்விட்டது. தொட்டிலில் வைத்தாள்.

ஆமையின் முதுகில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, பிறகு நீலமாக ஒன்று எரிந்தது.

“பதிவில்லாத அணுகுமுனை,” என்றாள் மாமியார். “மிக அண்மையில் இருப்பவர்: ஜெபராணி. பதிவு ஒரு நிமிடத்தில் உறுதியாகும்.”

மோப்பியில் மஞ்சள் பொட்டு விழுந்தது. அவள் அதை உயர்த்திக் காட்டினாள். “ஆமைதான் மூலம். கண்ணு முன்னால கெடக்கு.”

“ஆமை பதிவு பெற்ற கருவி. பதிவு பெற்ற கருவிகள் அண்மைக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. கணக்கு மனிதர்களுக்கானது.”

இத்தனை வருஷமாக விதியின் ஓட்டை எங்கே இருந்தது என்று அந்த ஒரு வார்த்தையில் ஜெபராணிக்கு விளங்கிவிட்டது. யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டால் ஓர் ஆளின் பெயர்தான் விடையாக வரும். எது பக்கத்தில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டதில்லை.

அப்போது அவள் தோளை உரசிக்கொண்டு யாரோ வந்து நின்றார்கள். செல்வக்கனி. தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“மிக அண்மையில் இருப்பவர்: செல்வக்கனி.”

“தள்ளிப் போங்க,” என்றாள் ஜெபராணி.

“நீங்க ஒருத்தியா நின்னா ஒங்க பேருதானே விழும்? நானும் நிக்கேன்.”

ஆறுமுகநயினார் வந்து ஆமையின் முதுகில் கை வைத்தார். “மிக அண்மையில் இருப்பவர்: ஆறுமுகநயினார்.” ஏணியிலிருந்து இறங்கியவர்கள் வந்தார்கள். பம்ப் அறைக்காரர்கள் வந்தார்கள். விஷயம் தெரியாமல் தேநீர் கொண்டுவந்தவரும் தட்டை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். முழு ஷிப்டும் தொட்டிலைச் சுற்றி நெருக்கியடித்தது. மாமியார் ஒரு பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் கை அதைவிடப் பக்கத்தில் வந்துவிட்டது. பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. கடைசியில் நவநீதன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “கொஞ்சம் வழி விடுங்கப்பா,” என்று உள்ளே வந்தார்.

மாமியார் நின்றுவிட்டாள். அவள் வாயடைத்துப்போனதை அந்த ஆலை அதற்கு முன் கேட்டதே இல்லை.

“மிக அண்மையில் இருப்பவரை நிர்ணயிக்க இயலவில்லை,” என்றாள் பிறகு.

“அப்படின்னா ஆள விட்டுட்டு அலையப் பாரு,” என்றாள் ஜெபராணி. “இப்பம் எல்லாரும் இங்கதான நிக்கோம். ஒருத்தரும் நகர மாட்டோம். நான் ஆமைய மட்டும் தூக்குதேன்.” ஆமையைத் தொட்டிலிலிருந்து தூக்கினாள். நீலம் அணைந்தது, அலை செத்தது. திரும்ப வைத்தாள். நீலம் எரிந்தது, அலை வந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி வைத்தாள். மனிதர்கள் அப்படியே நின்றார்கள், அலை மட்டும் ஆமையோடு போய் ஆமையோடு வந்தது. கடைசியாக ஆமையை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய், கூடத்து ஓரமாக இருந்த நவநீதனின் மேசைமேல் வைத்தாள். உப்புத் தண்ணீர் கோப்புகளின்மேல் வழிந்தது. அவர் நனைந்த கோப்புகளை ஓரமாக ஒதுக்கினார்.

மாமியாரிடம் பிடிவாதம் உண்டு, வஞ்சகம் கிடையாது. “மூலப்பொருள் ஏற்கப்பட்டது. இசக்கிராஜின் வலைநீக்கம் ரத்து. இன்று விழவிருந்த பதிவுகள் அனைத்தும் ரத்து.”

கூடத்தில் எழுந்த சத்தத்தில் தோரணம் ஆடிற்று. செல்வக்கனி அப்போதுதான் அழுதாள். காத்திருப்பறைக் கதவு திறந்து இசக்கிராஜ் வெளியே வந்தபோது ஆளாளுக்கு அவன் முதுகில் அறைந்தார்கள். அவன் ஜெபராணிக்கு எதிரே வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை, பல் தெரியச் சிரித்தாள்.

“ஆய்வாளர் ஜெபராணி,” என்றாள் மாமியார். எல்லாரும் அடங்கினார்கள். “மிக அண்மையில் இருந்தவர் மூலம் அல்ல என்பது இன்று நிறுவப்பட்டது. இந்த விதியை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு இந்தக் கரையில் நீக்கப்பட்டவர்கள் பலர். விதி ஒருமுறை பொய்த்தால், மறுவிசாரணை முடியும்வரை அவர்களின் கைப்பட்டிகளை மீண்டும் இயக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மூலப்பொருளைக் கண்டெடுத்த ஆய்வாளர் ஒப்ப வேண்டும்.”

“இத இத்தன நாளா ஏன் சொல்லல?”

“யாரும் மூலப்பொருளை மேசைமேல் வைக்கவில்லை.”

நவநீதன் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார். “யோசிச்சுச் செய்யுங்கம்மா. அதுல நெஜத் திருடனும் ஒருத்தன் ரெண்டு பேர் இருக்கலாம்.”

“இருந்தா தேடிப் புடிக்கேன் சார். அதுக்குத்தான எனக்குச் சம்பளம்,” என்று அவள் கட்டைவிரலை மேசையோரத்து ஒப்புத் தகட்டில் அழுத்தினாள்.

சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. நீக்கம் ரத்து என்றதும் மேலிடத்து ஆட்கள் வருவதும் நின்றுபோயிருந்தது. நீக்கம் நடக்க வேண்டிய நேரத்தில் இசக்கிராஜ் தன் வால்வுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த பெரிய அளவுப்பலகையில் கரையின் தண்ணீர்த் தேவையைக் காட்டுகிற அம்பு நடுங்கிற்று. கொஞ்சம் ஏறியது. பிறகு நிற்காமல் ஏறத் தொடங்கியது.

“எங்கியோ பெரிய குழாய் ஒடஞ்சிருக்கு,” என்று அவன் எழுந்தான். “இந்நேரத்துல இவ்வளவு தண்ணி யாரு எடுப்பா?”

“உடைப்பு இல்லை,” என்றாள் மாமியார். “வெளிக்குப்பத்தில் குழாய்கள் திறக்கப்படுகின்றன.”

ஒரு குழாய் என்றால் ஒரு வீடு, ஒரு வீடு என்றால் அதற்குள் எத்தனை வாய். அளவுப்பலகையின் வரைபடத்தில் சிறு சிறு புள்ளிகளாகக் கடற்சுவருக்கு அந்தப் பக்கம் ஒளி பிடித்துக்கொண்டே வந்தது. ஜெபராணி எண்ணத் தொடங்கிக் கண் மறைத்ததில் விட்டுவிட்டாள்.

“அழுத்தம் கொறையுது,” என்று யாரோ சொன்னார்கள். “இருக்கது பத்தாது.”

வெளிக்குப்பத்துப் பக்கத்து வால்வுகளில் ஒன்றைத் தவிர மற்றவை பல வருஷமாக மூடியே கிடந்தவை, திறக்க மேலாளர் உத்தரவு வேண்டும். இசக்கிராஜ் நவநீதனைப் பார்த்தான். அவர் தலையை அசைத்தார். இசக்கிராஜ் வாயே திறக்காமல் இரண்டாவது வால்வின் சக்கரத்தைப் பிடித்து, இறுகிக் கிடந்ததை உடம்பு முழுவதையும் கொடுத்துத் திருப்பினான். குழாய்க்குள் தண்ணீர் உறுமிக்கொண்டு ஓடுகிற சத்தம் காலடியில் கேட்டது. அம்பு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அவன் மூன்றாவதையும் திறந்தான்.